நாற்பத்திரண்டு பேர் கேட்ட பேச்சு

சர்தார் பாஷா ஓட்டும் கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனி வரை பதினோரு நிறுத்தம், நாற்பத்திரண்டு பெண்கள். ஒரே ஒரு ஹாரன். வந்தால் ஏறலாம், வராவிட்டால் அவ்வளவுதான். எட்டரைக்கு கேட்டை மூடிவிட்டால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் அரை நாள் சம்பளம் போய்விடும். பதினெட்டு வருஷத்தில் அவர் பஸ் ஒருநாள்கூட மூடிய கேட்டுக்கு வெளியே நின்றதில்லை. ஆனால் இதையெல்லாம் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? ஒருமுறை சோபனா பாதி பின்னிய தலையோடு ஓடி வந்தும் கண்ணெதிரே விட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் விட்ட சாபத்தில் பாதி பலித்திருந்தாலும் மனுஷன் இன்றைக்கு இருக்க மாட்டார்.

அதே சோபனாதான் ஆகஸ்ட் பதினாலாம் தேதி சாயங்காலம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஏற்றுமதி அவசரம், சுதந்திர தினத்தன்றும் தையல் பிரிவு வர வேண்டும், லீவை வேறொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவள் மகள் பூவிழி, ஆறாவது படிப்பவள், முதல் தடவையாகப் பள்ளிக்கூட விழாவில் பேசப்போகிறாள். பள்ளிக்கூடம் பஸ் போகிற வழியில்தான் இருக்கிறது. கொடியேற்றம் எட்டு மணிக்கு. பஸ்ஸோ ஏழு நாற்பதுக்கே அந்த இடத்தைத் தாண்டிவிடும்.

"ஒரு அரை மணி நேரம் நிறுத்துங்க பாய். புள்ள பேசறத கேட்டுட்டு ஓடியாந்துர்றேன்."

"இன்னாம்மா வெளையாடறியா? முடியாது" என்றார் சர்தார் பாஷா. சோபனா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கல் நெஞ்சுக்காரன் என்று அவள் முணுமுணுத்தது அவர் காதில் விழாமலில்லை.

ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கியவர்களிடம் அவர் ஒரே பாட்டைப் பாடினார். "நாளிக்கு பத்து நிமிஷம் முன்னாடி. லேட்டா வந்தா போய்னே இருப்பேன்." காரணம் சொல்லவில்லை. லீவு நாளிலும் இந்தப் பேஜாரா என்று எல்லோரும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டினாலும் மறுநாள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்து நின்றார்கள்.

ஏழரைக்கு பஸ் பள்ளிக்கூட வாசலில் நின்றது. சர்தார் பாஷா இறங்கி விறுவிறுவென்று உள்ளே போனார். தலைமையாசிரியை எழிலரசி கொடிக்கம்பத்தருகே கோலத்துக்கு வண்ணம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொடி எட்டு மணிக்குத்தான் பாய்" என்றார்.

"கொடி எட்டுக்கே ஏறட்டும் டீச்சர். பூவிழிய மட்டும் பத்து நிமிஷம் அனுப்புங்க. சபை வெளிய ரெடியா உக்காந்துகினு இருக்குது."

எழிலரசி பஸ்ஸை எட்டிப் பார்த்தார். கையிலிருந்த வண்ணப்பொடியைத் தட்டிவிட்டு, தானே பூவிழியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சர்தார் பாஷா டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் அவளை ஏற்றி நிறுத்தினார். மகளைப் பார்த்த சோபனா எழுந்து நின்றவள்தான், உட்காரவே இல்லை.

"மைக் இல்லியே" என்றாள் ஒருத்தி.

"எங்க லைன்ல மெஷின் சத்தத்துக்கே காது குடுக்கறோம், பேசு கண்ணு" என்றாள் இன்னொருத்தி.

அடேயப்பா, என்ன பேச்சு! தாளைப் பார்க்கவில்லை, ஒரு இடத்திலும் திணறவில்லை. கொடியின் நிறங்களைச் சொன்னாள், சிறைக்குப் போனவர்களைச் சொன்னாள். காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்த அத்தனை வாயும் மூடிக்கிடந்தது. கடைசியில் சொன்னாள்: "எங்கள் ஊர் அம்மாக்கள் தைக்கும் ஷூக்கள் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகின்றன. என் அம்மாவும் தைக்கிறார். இந்த நாளிலும் அவருக்கு வேலை. அதனால் என் பேச்சைக் கேட்க அவர் இங்கே..."

மனப்பாடம் செய்த வரி பாதியில் நின்றது. எதிரே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற சோபனாவை அவள் பார்த்தாள்.

"வந்துட்டாங்க" என்றாள்.