கொம்பு மருந்தும் ஒரு சொம்புத் தண்ணீரும்

மாடத்தி அத்தை எந்தப் பாத்திரத்தையும் தரையில் இழுக்க மாட்டாள். குடமோ அரிசி மூட்டையோ, தூக்கித்தான் வைப்பாள். யாராவது நாற்காலியைக் கரகரவென்று இழுத்தால் அவள் கை பாதியில் நின்றுவிடும். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் மருந்து அடைத்தவள். அங்கே எதையும் உரசக் கூடாது. அந்தப் பழக்கம் கம்பெனி வேனில் ஏறி வீடுவரை வந்துவிட்டது.

அவள் என் அப்பாவின் தங்கை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் ஆட்கள் முன்பு அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். மழை ஏமாற்ற ஏமாற்றத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போனார்கள். அத்தை பாவாடை கட்டிய வயதிலேயே தீப்பெட்டி ஒட்டினாள். கல்யாணமாகி, மாமா சீக்கிரம் போய்ச் சேர்ந்து, ஒரே மகளைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்து, எல்லாம் அந்தக் கம்பெனிச் சம்பளத்தில்தான். 2006இல் இருமல் நிற்காமல் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இனி மருந்துத் தூசிப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

"அப்ப சும்மா உக்காந்து சோறு திங்கவா?" என்று அவரையே கேட்டாள்.

எங்கள் தெருவில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. எம்.ஏ. வரலாறு முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தேன். பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கிகளும் வெடிமருந்தும்தான் என் தலைப்பு. அத்தையிடம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏலே மருமகனே, அம்புட்டுப் படிப்பும் படிச்சிட்டுக் கடைசியில வெடிக்கே வந்துட்டியேலே!"

சென்னையில் ஒரு அறக்கட்டளை இந்த மாதிரி ஆராய்ச்சிகளுக்கு இரண்டு வருஷம் உதவித்தொகை தருவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். உதவியாளர் என்ற இடத்தில் அத்தை பெயரை எழுதி, படிப்பு மூன்றாம் வகுப்பு என்றும் எழுதினேன். நேர்காணலில் அதைப் பார்த்து ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் உள்ளதைச் சொன்னேன். பழைய ஆயுதங்கள் இன்று வீடுகளில் சாமி மூலையில் இருக்கின்றன, கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அதுவரைக்கும் ஓர் ஆண்பிள்ளை போக முடியாது. எங்கள் அத்தை வாசலில் நின்று, "தாயி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று ஆரம்பித்தால் அடுக்களைவரை போய்விடுவாள்.

உதவி கிடைத்தது. அத்தைக்கும் மாதச் சம்பளம் உண்டு. ஆனால் இரண்டாம் வருஷம் தருவதற்கு முன்னால் அவர்கள் ஒன்று எதிர்பார்த்தார்கள். எந்த வீட்டிலாவது அந்தக் காலத்து மருந்து மிச்சமிருந்தால் கொஞ்சம் வேண்டும். வெடியுப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, கரி எவ்வளவு என்று சென்னையில் சோதித்துப் பார்ப்பார்கள்.

பத்து மாதம் பஸ்ஸிலும் நடையிலுமாக அலைந்தோம். கடைசியில், காடுகரை உள்ள ஒச்சப்பன் ஐயா வீட்டில் கிடைத்தது. மாட்டுக்கொம்பில் செய்த மருந்துக் குப்பி. வாயில் மெழுகு அடைத்திருந்தது. சாமி மூலையில் மஞ்சள் துணி சுற்றி, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அசைத்தால் உள்ளே சரசரவென்றது.

ஒச்சப்பன் ஐயாவுக்கு என்னைவிட ஆசை. "எங்க பூட்டன் காலத்துச் சாமான், தம்பி. நானே இன்னைக்கித்தேன் தெறக்கேன்" என்று பேப்பரை விரித்தார். மெழுகைப் பேர்த்தார். கொஞ்சமாக எடுங்கள் என்று நான் சொல்வதற்குள் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். கறுப்பாக அத்தனையும் கொட்டியது. பேப்பரைத் தாண்டி விளக்கடி வரைக்கும் சிந்தியது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அள்ளுவதற்குக் குனிந்தேன்.

அத்தை கையில், குடிக்கக் கொடுத்த சொம்பு இருந்தது.

சளீரென்று ஊற்றினாள். விளக்கு அணைந்தது. மருந்து, பேப்பர், குங்குமம், என் கை எல்லாம் ஒரே கறுப்புச் சேறு.

"என்ன காரியம் பண்ணிட்டே தாயி!" என்று ஐயா தலையில் கைவைத்தார். அவர் மனைவி முத்துமாரியம்மாள்தான் அத்தைக்காகப் பேசினார்: "எரியிற வெளக்குக்கு முன்னால கொட்டுனவுக நீக. அவளை எதுக்கு வையிறீக?"

சேற்றில் கொஞ்சம் வழித்து ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். பழைய மருந்து தீப்பிடித்திருக்குமா, சும்மா கிடந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் கருவேலம்.

"அந்த மருந்துக்காகத்தான ரெண்டாம் வருசம் தாரேன்னாக?"

"ஆமா அத்தை."

"நாளைக்குக் காலைல கம்பெனி வேன் வரும். நான் ஏறிக்கிடுதேன்."

"டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"டாக்டரா சோறு போடுதாரு?" என்றாள். இருமல் வந்தது. அடங்கிய பிறகு, மெதுவாகச் சொன்னாள். "பாண்டிமீனாவுக்கும் தண்ணி வாளி பக்கத்துலதான் இருந்துச்சு மருமகனே. ஒரு எட்டுத் தள்ளி."

பாண்டிமீனா அவளோடு ஒரே அறையில் மருந்து அடைத்தவள்; அங்கே தீப்பிடித்ததில் போய்ச் சேர்ந்தவள். அந்தப் பெயரை வீட்டில் அதற்கு முன் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேனில் ஏறுவதை, அறக்கட்டளை பதில் வரும்வரை தள்ளிப்போடச் சம்மதித்தாள்.

பாட்டிலைச் சோதித்தவர்கள், குங்குமமும் எண்ணெயும் கலந்துவிட்டதால் அளவு சொல்ல முடியாது என்றார்கள். அறிக்கையில், மருந்து நனைந்து வீணாகிவிட்டது என்று எழுதி அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

"யாரு நனைச்சாகன்னு போடலையே? மழையா பேஞ்சிச்சு? எம் பேரைப் போட்டு எழுது."

எழுதினேன்.

அடுத்த மாதம் அறக்கட்டளையிலிருந்து செல்வலட்சுமி அம்மா வந்தார். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். இரண்டாம் வருஷத்தை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். விருதுநகர் சூலக்கரையில் அவருக்கு வேறு வேலை இருந்ததால், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஒரு டீக்கடையில் சந்தித்தோம். அத்தை சாயம் போகாத சேலை கட்டி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கதானே தண்ணி ஊத்தினது?"

"நாந்தான் தாயி. எம் மருமகன் மூஞ்சி மருந்துக்கு மேல இருந்துச்சு. வேணும்னு செய்யல. திரும்ப அப்படி இருந்தாலும் ஊத்தத்தான் செய்வேன். அதான், என்னைய நிப்பாட்டிட்டு அவனுக்குக் குடுங்க."

செல்வலட்சுமி அம்மா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "இதுவரை என்னென்ன பார்த்தீங்க?" என்று கேட்டார்.

அத்தை முதலில் தயங்கினாள். பிறகு, அடுக்களையில் கதை பேசுவதுபோல ஆரம்பித்தாள். ஒரு வீட்டில் உடைந்த துப்பாக்கிக் குழாயால் அடுப்பு ஊதுகிறார்கள். கேட்டால், மாமியார் காலத்திலிருந்தே ஊதுகுழல்தான் என்கிறார்கள். இன்னொரு வீட்டில் துப்பாக்கிக்குப் போடும் ஈய உருண்டைகளைப் பல்லாங்குழிக்கு வைத்திருக்கிறார்கள். "அங்கன நானும் ஒரு ஆட்டம் ஆடுனேன் தாயி. தோத்துட்டேன்."

செல்வலட்சுமி அம்மா சிரித்ததில் டீ சேலையில் சிந்தியது. துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஊதுகுழல் உங்க அறிக்கையில எங்கே?"

"அதைப் பெரிசா நினைக்கல மேடம்."

"மருந்து போனது போனதுதான். அந்த அத்தியாயம் இனிக் கிடையாது; அதுக்கான பணமும் கிடையாது. சண்டை ஓய்ஞ்ச பிறகு அந்தத் துப்பாக்கியெல்லாம் வீட்டுக்குள்ள என்ன ஆச்சுன்னு எழுதுங்க. அதுக்கு ரெண்டாம் வருஷம் உண்டு. ஆனா இவங்க இல்லாம அது முடியாது."

அத்தைக்குப் பாதிதான் புரிந்தது. "அப்ப வேன்ல ஏற வேண்டாமா?" என்று என் காதில் கேட்டாள். வேண்டாம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த டீ கிளாஸைப் பெஞ்சில் சத்தமில்லாமல் எடுத்துத் தள்ளி வைத்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் போன முதல் வீட்டில் சாமி மூலையில் ஒரு பழைய குப்பி இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரம்மா வழக்கம்போல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அத்தை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, "அந்த வெளக்கை மட்டும் கொஞ்சம் அமத்திருங்க" என்றாள். பிறகு திரும்ப வாசலுக்குப் போய், சொம்பைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு வந்தாள்.

"அது அங்கனயே இருக்கட்டும் தாயி. எங் கை சும்மா இருக்காது."