பெயரை மறைத்த அறிவித்தல்

நிஸ்மியா கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லச் சொல்ல எனக்கு அவள்மேல் கோபம் ஏறும்.

ஏறாவூரில் அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி மாதிரி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவள். ஊரில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயரையும் நல்லடக்க நேரத்தையும் சொல்வார்கள். காற்று மாறி அடித்தால் பாதிப் பேருக்குக் கேட்காது. காலையில் மௌத்தானவரை மாலைக்குள் அடக்கிவிடுவது எங்கள் வழக்கம். பிந்திக் கேள்விப்பட்டால் முகம்கூடப் பார்க்க முடியாது. அதற்காகவே இலவசமாக ஒரு செயலி செய்தாள். பள்ளிவாசல்கள் தகவல் கொடுக்கும். போன் திரையில் பெயரும் நேரமும் வந்து விழும். ஊரே அவளுக்கு துஆச் செய்தது.

துஆவை மட்டும் வைத்து சேர்வர் ஓடாதே. மாதாமாதம் அதற்குப் பணம் கட்ட வேண்டும். செயலிக்குள் விளம்பரம் சேர்த்தாள். ஆனால் பெயரும் நேரமும் வெளியிலேயே தெரிந்ததால் யாரும் உள்ளே போகவில்லை. அப்போதுதான் அந்த வேலையைப் பார்த்தாள். பெயரை மறைத்து, "ஜனாஸா அறிவித்தல், திறந்து பார்க்கவும்" என்று மட்டும் வரச் செய்தாள். திறந்தால் முதலில் விளம்பரம். எது வரும் என்பது அவள் கையில் இல்லை; விளம்பரக் கம்பனி அனுப்புவதுதான்.

"மௌத்து விழுற நாளையிலதான் வருமானம் கூட வருது ராத்தா. அதப் பார்க்கவே பயமா இரிக்கி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். பயந்தாள், ஆனால் நிறுத்தவில்லை.

ஓட்டமாவடியில் செருப்புக் கடை வைத்திருக்கும் முகைதீன்பாவாவுக்கு ஒரு காலை அறிவித்தல் வந்தது. கடை நிறையச் சனம். திறந்தார், அரைகுறை உடுப்போடு ஒருத்தி சத்தமான பாட்டுக்கு ஆடினாள். மூடும் குறி எங்கே என்று தெரியாமல் தடுமாறி, வெட்கத்தில் போனையே அணைத்து மேசை லாச்சிக்குள் போட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால், மௌத்தானவர் நௌஷாட். கட்டாரில் இவரோடு பதினொரு வருடம் ஒரே அறையில் கிடந்து உழைத்தவர். மதியம் ளுஹர் தொழுகையோடு அடக்கிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் அவர் நிஸ்மியாவைத் தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"தங்கச்சி, அவன்ட முகத்தையும் காணல்ல, ஒருபிடி மண்ணும் போடல்ல" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "என்ட உம்மா படுக்கையில கிடக்கா. அவட அறிவித்தலுக்கு மட்டும் அந்த ஆட்டத்தப் போட்டுராதீங்க."

நிஸ்மியா அழுதுகொண்டே வாக்குக் கொடுத்தாள். அவர் போனபின், எல்லோருக்குமே நிறுத்து என்று நான் சத்தம் போட்டேன்.

"நிறுத்தினா எல்லாமே நிண்டுரும் ராத்தா" என்றாள்.

மூன்று கிழமையில் அந்த உம்மா மௌத்தானார். சொன்னபடியே பெயரும் நேரமும் நேராக வந்தன. எனக்கும் மனம் கொஞ்சம் ஆறியது.

அடுத்த நாளும் ஒரு மௌத்து. வழக்கம்போல் பெயரில்லாத அறிவித்தல், திறந்தால் விளம்பரம். பின்னேரம் நான் அவள் வீட்டில் இருந்தபோது நிஸ்மியாவின் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டாள். மௌத்தானவருடைய மகள் றுமானா. அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நேத்து அந்த உம்மாட பேர் வெளியில தெரிஞ்சிச்சிதானே. எங்கட வாப்பாட பேர மட்டும் ஏன் மறைச்சீங்க? எங்களுக்காக உங்கக்கிட்ட வந்து சொல்ல ஆளில்லாததாலயா?"

நிஸ்மியா என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கம் றுமானா போனை வைக்காமல் காத்திருந்தாள்.