கார் சாவிக்குக் கிடைத்த கைதட்டல்

ஜெரால்டு அண்ணா, அம்மாவின் கார் சாவியைத் திருடியவன் நீ. வீட்டு விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்பாய். சாந்தோம் தேவாலயத்தில் பூசை முடிந்து, அங்குள்ள மன்றத்தில் மைக் பிடித்து ஊருக்கே சொன்னவன் நீதான்.

வாசகர்களுக்கு விவரம் சொல்கிறேன். ஜெர்மனியில், காருக்குள் வழி சொல்லும் கருவி செய்கிற இடத்தில் எனக்கு வேலை. சின்னத் திரையில் அம்புக்குறி வரும், ஒரு குரல் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும். வயதானவர்களுக்குத் தோதாக அதை மாற்றுவது என் பிரிவின் பொறுப்பு. தினமும் காலையில் பாயர் என்ற கிழவர் சோதனைக்கு வருவார். திருப்பத்தைத் தவறவிட்டுவிட்டுக் கருவியைக் கண்டபடி திட்டுவார். பின்சீட்டில் இருக்கிற நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்போம்! குரல் தாமதமாக வந்தது, எழுத்து சிறியது என்றுதான் குறிப்பு எழுத வேண்டும். கிழவருக்குக் கண் மங்கல் என்று எழுதினால் மேலாளர் கிழித்துப் போடுவார். இந்த நாட்டுக்கு நான் கொடி பிடிக்கவில்லை. என் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்க்கிற கீழ்வீட்டுக்காரிக்கு இன்றுவரை என் பெயர் தெரியாது. ஆனால் கிழவர் வழி தவறினால் முதலில் கருவியைச் சந்தேகப்படுகிறார்கள்.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்மா எங்கள் பழைய பியட்டைத் தி.நகருக்கு ஓட்டினார். பக்கத்தில் நான். பின்னால், அவரோடு பள்ளியில் வேலை பார்த்த பிலோமினா டீச்சர். டீச்சருக்கு முழங்கால் போய்விட்டது. ஞாயிறுதோறும் அடையாறிலிருந்து அவரைப் பூசைக்கு அழைத்து வருவது அம்மாவின் கார்தான். அன்று ஒரு தெருவில் திரும்பியதும் எதிரே ஓர் ஆட்டோ உரசி நின்றது.

"இன்னா ஆயா, ஊட்ல சொல்லிக்கினு வந்தியா? ஒன்வே கீது, கண்ணு தெர்ல?"

"போர்டு எங்கப்பா இருக்கு? காட்டு, நானும் பாக்கறேன்" என்றார் அம்மா.

ஆட்டோக்காரர் இறங்கித் தேடினார். அவருக்கும் கிடைக்கவில்லை. ஒரு ஜவுளிக்கடையின் பொங்கல் தள்ளுபடி விளம்பரத் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தோ கீது ஆயா. போர்டு பொடவை கட்டிக்கினு நிக்குது. நீ இன்னா பண்ணுவ, போ."

ஆட்டோக்காரர் மன்னித்துவிட்டார். கேள்விப்பட்ட நீ மன்னிக்கவில்லை. துணி கட்டிய கடைக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நான் விமானம் ஏறும்வரை காத்திருந்து சாவியை எடுத்துக்கொண்டாய். அடுத்த ஞாயிறு மைக்கில், "எங்கம்மாகிட்ட சாவிய வாங்கிட்டேன், நீங்களும் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட வாங்கிடுங்க" என்றாய். நீ கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அம்மாவிடம்தான் என்பதைச் சொல்லவில்லை. அம்மா முதல் வரிசையில் இருந்தார். போனில் சொன்னார்: "எல்லாரும் கை தட்டினாங்கடி. நானும் தட்டினேன். வேற என்ன பண்றது, எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

பாயரிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "எந்த டாக்டர் ஓட்ட வேண்டாம் என்றார்?"

"டாக்டர் இல்லை. என் அண்ணன்."

"ஓ, உங்கள் அண்ணன் போலீஸா?"

"வங்கியில் வேலை பார்க்கிறார்."

"அப்படியானால் கார் வங்கிக்குச் சொந்தமா?"

பிலோமினா டீச்சர் அதன்பின் பூசைக்கு வரவேயில்லை. "கார் ஓட்டறதுக்கு நான்தான் இருக்கேன்ல" என்கிற நீ ஒரு ஞாயிறாவது அடையாறு போனாயா?

அந்தக் காரின் மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. இந்த ஊர் வீட்டுச் சாவியும் அதுவும் ஒரே வளையத்தில் தொங்குகின்றன. ஒன்று, என் பெயர் தெரியாத கட்டடத்தைத் திறக்கும். மற்றது திறக்க வேண்டிய கார் சாந்தோமில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். அம்மா மறுத்துவிட்டார். "திருட்டுத்தனமா ஓட்ட மாட்டேன். எல்லார் முன்னாடியும் சொன்னான் இல்ல, எல்லார் முன்னாடியும் குடுக்கட்டும்."

அதே மன்றம், அதே மைக், அண்ணா. அம்மா செய்த தப்பு என்ன என்று பதில் சொல், இல்லையென்றால் சாவியைக் கொடு. அம்மா முதல் வரிசையில்தான் இருப்பார். இந்த முறை கை தட்டுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.