ராக்குவின் ஆறு குட வண்டி

எங்கள் தெருவில் ராக்கு நொட்டை சொல்லாத பொருள் கிடையாது. ரேஷன் அரிசியில் புழுவைக் காட்டி, "இதுக்கும் கார்டு இருக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்பாள். புருஷன் முனியசாமி புதுச் சட்டை போட்டு வந்தால், "கடைக்காரனுக்கு இன்னிக்கு நல்ல நேரம்" என்பாள். இருவருக்கும் இருபது வருஷமாகப் பால்சாமி அய்யா வயலில்தான் கூலி வேலை. அந்த வீட்டைப் பற்றி மட்டும் அவள் வாய் திறந்ததில்லை.

எங்கள் ஊர்க் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிதண்ணீருக்குக் கண்மாய்க் கரை ஏறி இறங்கி, அந்தப் பக்கத்து ஊருணிக்குப் போக வேண்டும். பெண்கள் நாலு குடம் வைக்கிற தள்ளுவண்டியோடு தினமும் போவார்கள்.

பால்சாமியின் மகள் ஜோதிகா வெளியூரில் முதுகலை படிக்கிறாள். ஜனங்களுக்கு உதவுகிற பொருளை ஜனங்களோடு சேர்ந்தே வடிவமைக்கிற படிப்பாம். ஆராய்ச்சிக்கு எங்கள் தண்ணீர் வண்டியை எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் ராக்குவோடு ஊருணிக்கு நடந்து, அவள் முதுகு எங்கே வளைகிறது என்று படம் படமாக வரைந்தாள். 'அக்கா' என்று கூப்பிட்டாள். அந்த வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் ராக்கு முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள்.

கார்த்திகையில் புது வண்டி வந்தது. ஆறு குடம், சைக்கிள் சக்கரம். காலி வண்டியை ஒற்றை விரலால் தள்ளலாம். பக்கத்து வீட்டுப் பையனான நான் சக்கரக் கம்பியில் பலூன் கட்டி பைக் சத்தம் வரவைத்தேன். வடிவமைப்பில் விடுபட்டது அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

அடுத்த பத்து நாளும் சாயங்காலம் ஜோதிகா நோட்டோடு வருவாள். துணைக்குப் பால்சாமி வந்து பக்கத்தில் நிற்பார்.

"ஏத்தத்துல எப்படிக்கா இருக்கு?"

"நல்லாருக்கு தாயி."

"எறக்கத்துல?"

"அதுவும் நல்லாருக்கு தாயி."

நோட்டில் ஒரு டிக் விழும். அவர்கள் தலை மறைந்ததும் ராக்கு என்னிடம் கொட்டுவாள். "ஆறு குடமும் ரொம்பிருச்சுன்னா எறக்கத்துல வண்டி என்னைய இழுத்துக்கிட்டுப் போகுதுலே. மாட்டுக்காச்சும் மூக்கணாங்கயிறு இருக்கு."

"சொல்ல வேண்டியதுதான அத்தை?"

"நீ போயி சொல்லு. நாளைக்கு உங்க அப்பனுக்கு அவுக வயல்ல வேலை இருக்கான்னு பாப்போம்."

நான் போகவில்லை.

ஜோதிகா டிக்குகளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். மார்கழி மழையில் கரை ஊறிக் கிடந்த ஒரு காலையில் வண்டி இறக்கத்தில் தானாக ஓடியது. பழைய வண்டியாக இருந்தால் ராக்கு விட்டிருப்பாள். இது அய்யா வீட்டு வண்டி. பள்ளத்தில் விழுந்து நெளிந்தால் யார் பதில் சொல்வது? பிடியை விடாமல் கூடவே ஓடினாள். வண்டி ஆறு குடத்தோடு அவள் வலது பாதத்தில் சாய்ந்தது. இரண்டு எலும்பு போயிற்று. ராமநாதபுரத்தில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் வரப்பில் வழுக்கியது என்றாள்.

தையில் சேதி வந்தது. ஜோதிகாவின் ஆராய்ச்சியைப் பார்த்து ஒரு அறக்கட்டளை பத்து வண்டி செய்து கொடுக்கிறதாம். கண்மாய்க் கரையில் பந்தல். முதல் வண்டி கடைசி வீட்டுக் கலைச்செல்விக்கு. அவள் ஏழு மாத கர்ப்பம்.

ராக்கு அதைக் கேட்டுவிட்டு மாவுக்கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். பிறகு, "ஏலே, மொபட்ட எடு" என்றாள். மொபட்டில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை. "மெதுவாத்தான் போறே, இதுக்கு நான் தவழ்ந்தே போயிருவேன்" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

பந்தலில் கலைச்செல்வி அதற்குள் கைப்பிடியைப் பிடித்திருந்தாள்.

"தாயி, அதை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காதீக. எறக்கத்துல நிக்காது. என் காலு வரப்புல ஒடியல" என்றாள் ராக்கு.

ஜோதிகாவுக்கு முகம் வெளுத்தது. "தினமும் கேட்டேனேக்கா?"

"கேட்டீக தாயி. அய்யாவப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டீக."

பால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தார்.

அன்றைக்கே ஜோதிகா பத்து வண்டியையும் லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினாள். ஆராய்ச்சியை முதலிலிருந்து எழுத வேண்டும், பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்றார்கள். மறுநாளிலிருந்து முனியசாமியை வேலைக்குக் கூப்பிடவில்லை. அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் வந்தார்கள். அவர் முதல் பஸ்ஸில் ஆர்.எஸ்.மங்கலம் போய்க் கூலிக்கு நின்றார். பாதி நாள் வெறுங்கையோடு திரும்பினார். கட்டுப் பிரித்தபோது ராக்குவின் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. சேற்றில் ஊன்றி நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாசியில் ஜோதிகா போன் செய்தாள். ராக்கு ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் கேட்ட விதமே தப்புன்னு ஒரு அத்தியாயம் எழுதிருக்கேன்க்கா. உங்க பேரைப் போடட்டுமா, மாத்திரட்டுமா?"

"உங்களுக்கு எது தோதோ அதைப் போடுங்க தாயி." ராக்கு முனியசாமியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இவுகள மட்டுமாச்சும் அறுப்புக்குக் கூப்பிடச் சொல்லி."



"சொல்லிப் பாக்குறேன்க்கா."

நாலு நாள் கழித்துப் பால்சாமி வயலில் கடைசித் துண்டு நிலத்தையும் வெளியூர் ஆட்களே அறுத்து முடித்தார்கள்.