வாழைக்குலை ஏற்றிய கிராவல் பைக்

போன சனிக்கிழமை காலை கீழே இறங்கிப் போனால்... சைக்கிளைக் காணவில்லை.

சாதாரண சைக்கிள் என்றால் பரவாயில்லை. இது கிராவல் பைக். தார் ரோட்டிலும் ஓடும், மண் ரோட்டிலும் ஓடும். விலை ஆறு லட்சம் ரூபா. அதுவும் என்னுடையது இல்லை.

சங்கிலி மட்டும் தூணைச் சுற்றி இருந்தது, பூட்டியபடியே. கள்ளன் பூட்டைத் திறந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு, மறுபடி ஒழுங்காகப் பூட்டிவிட்டுப் போவானா? இதை நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்தது ஒன்றுதான் – மனைவியிடம் எப்படிச் சொல்வது?

முதலில் இருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் பஸ் கதை தெரியும். வெள்ளவத்தையில் வீடு. கொட்டாஞ்சேனையில், குளியலறைச் சாமான் விற்கும் கடையில் வேலை. பஸ்ஸில் 'பஹினவா' (இறங்கணும்) என்று சிங்களத்தில் குரல் கொடுத்து இறங்க எனக்குக் கூச்சம். வேறு யாராவது இறங்குகிற இடத்தில் அவர்கள் பின்னால் இறங்கி, மிச்சத் தூரத்தை நடப்பேன். ஐம்பது வயது தாண்டியும் இது மாறவில்லை. சைக்கிள் என்றால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

எங்கள் கடைக்குக் கணக்குப் பார்க்க வரும் ரமணனிடம் இதை ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் குடும்பத்தோடு மெல்பேர்ன் போகிறார். தன் சைக்கிளை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"புதுசு பத்துக்கு மேல போகுதண்ணே. நீங்கன்றதால ஆறு. எடுக்கச் சொல்லல்ல... ஒரு கிழமை வச்சு ஓடிப் பாருங்க. பிடிக்கல்லன்னா ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறேன்."

"பூட்டு?" என்று கேட்டேன்.

"பூட்டா? நான் இத எங்கயும் விட்டுட்டுப் போனதே இல்லண்ணே."

வழியில் ஒரு கடையில் நிறுத்தி பிளேன்டீ குடித்தது கூட இல்லையாம்.

ஆறு லட்சம் என்னிடம் இருந்தது. அதாவது, மனைவி கட்டிய சீட்டு விழுந்திருந்தது. "உங்க காலு, உங்க சீனி வருத்தம்... நீங்களே யோசிச்சு முடிவெடுங்க" என்றாள். இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஓடிப் பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் – நல்ல சைக்கிள். ஒரு கையால் தூக்கலாம். டயர் நல்ல அகலம். தண்ணீர்க் குழாய்க்காக வெட்டி மூடிய ஒழுங்கைகள், வடிகான் மூடிகள், புறக்கோட்டைப் பக்கத்துப் பள்ளங்கள்... எல்லாவற்றின் மேலும் போனேன். முதுகுக்குத் தகவலே போகவில்லை. பிரேக், இரண்டு விரலால் தொட்டால் நிற்கிறது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில்தான் கொஞ்சம் பயமுறுத்தியது. அதுவும் பழகிவிட்டது. காலையில் கடலோரமாகப் போகும்போது, ரோட்டில் நெரிந்துகொண்டு நிற்கும் பஸ்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். முந்தின கிழமை வரை அதற்குள் நின்றவன் நான்!

சிக்கல் ரோட்டில் வரவில்லை. லிஃப்டில் வந்தது.

எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருப்பவர் சிவம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைப் பின் சக்கரத்தில் நிமிர்த்திப் பிடித்தபடி நான் லிஃப்டில் ஒடுங்கி நிற்கிறேன். அவர் ஏறினார். மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன விலை தம்பி?"

இதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் மாடியில் எல்லாவற்றுக்கும் விலை கேட்பார்கள். மீனுக்கு, ஷேர்ட்டுக்கு, கல்யாண மண்டபத்துக்கு. கேட்காவிட்டால்தான் ஏதோ கோபம் என்று அர்த்தம்.

"அறுபது" என்றேன்.

ஒரு சைபரை விழுங்கிவிட்டேன். ஏன்? ஆறு லட்சம் என்றால் அடுத்த கேள்வி 'ஏன்?' என்று வரும். அதற்குப் பதில் எனக்கே தெரியாது. அதோடு, நம் ஆட்கள் எல்லோரும் கொஞ்சம் இப்படித்தானே... வாங்கும் விலை ஒன்று, சொல்லும் விலை ஒன்று. சேலை விலையைக் கணவனிடம் குறைப்பார்கள். மீன் விலையைப் பக்கத்து வீட்டில் குறைப்பார்கள். மாப்பிள்ளையின் சம்பளம் மட்டும்தான் நம்மிடம் கூடும்.

சொன்ன விலை சும்மா இருக்குமா? அது வேலையைத் தொடங்கியது.

வீட்டில் சைக்கிளை வைக்க ஒரே இடம் சாமி படத்துக்குப் பக்கத்தில். "நான் எங்க நின்னு விளக்கு ஏத்துறது? சைக்கிள் சீட்டுக்கு மேல ஏறியா?" என்றாள் மனைவி. இது எப்படியோ சிவம் அண்ணையின் காதுக்குப் போய்விட்டது. கதவைத் தட்டினார்.

"அறுபதாயிரம் ரூபாச் சைக்கிளை ஆரும் வீட்டுக்குள்ள படுக்க வைப்பினமே? கீழ என்ர கார் விட்ட இடம் சும்மாதானே கிடக்கு. பழைய சங்கிலியும் பூட்டும் கிடக்கு. இந்தாரும் திறப்பு. மற்றத் திறப்பு என்னட்டைக் கிடக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்ல ஒரே வழிதான் இருந்தது – உண்மை விலையைச் சொல்வது. சாவியை வாங்கிக்கொண்டேன், சைக்கிள் கீழே போனது. பல்கனியில் இருந்து எட்டிப் பார்ப்பதே அதன் பிறகு என் வேலையாகிவிட்டது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். சங்கிலியைப் பார்த்தபடி நிற்கிறேன். கேட் பக்கம் சத்தம். சிவம் அண்ணை வருகிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிராவல் பைக்கில்.

ஆட்டுக்கொம்பின் ஒரு பக்கம் பூசணிக்காய்ப் பை. மறுபக்கம் கத்தரிக்காயும் கீரையும். நடுவில் சட்டத்தோடு சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டிய முழு வாழைக்குலை.

"பயந்து போனீரோ? நாளைக்கு அம்மாவின்ர திவசம். சந்தைக்குப் போய்வர ஓட்டோக்காரன் கேட்ட காசுக்கு இன்னொரு குலை வாங்கலாம். அதுதான் உம்மட சைக்கிளை எடுத்தனான்."

இறங்கினார். குலையை அவிழ்த்தார். வெட்டின தண்டில் இருந்து வடிந்த வாழைக்கயர், மணல் நிறப் பெயின்ட் மேல் நீளமாக ஓடிக் கறுத்துப் போயிருந்தது. வாழைக்கறை எப்படிப்பட்டது என்று வேட்டி கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

சிவம் அண்ணை அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தது வேறு.

"கொம்பு நல்லது தம்பி, பை கொழுவலாம். ஆனா பின்னால சாமான் வைக்கக் கரியல் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, மட்காட் இல்லை, ஒரு பெல் கூட இல்லை. உம்மை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள். இது அறுபது பெறாது."

"ஓம்" என்றேன்.

அன்று முழுக்கத் தேசிக்காயும் சவர்க்காரமும் பழைய பனியனுமாகத் தேய்த்தேன். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ஆறு லட்சம்னு அவர்கிட்டச் சொல்லிற வேண்டியதுதானே?"

"திவசத்துக்கு முந்தின நாளா?"

"அப்ப முடிஞ்சதும் சொல்லுங்க."

"இவ்வளவு நாளும் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லணுமே..."

அவள் என் கையில் இருந்து பனியனை வாங்கித் தானே தேய்க்கத் தொடங்கினாள். அரைவாசி போனது. அரைவாசி நின்றது.

அவள் தேய்க்கும்போதுதான், வாங்குவதா வேண்டாமா என்பதற்கு எனக்குப் பதில் கிடைத்தது. ஒரு கிழமையாக நான் அந்தச் சைக்கிளை எங்கேயும் நிறுத்தவில்லை. கோயில் வாசலில் இறங்கவில்லை. பேக்கரியில் ஒரு பாண் வாங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் கடைக்குள் பேசின்களுக்கு நடுவில் நிறுத்தி, வருகிற ஆட்களைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவம் அண்ணையோ சந்தைச் சுவரில் சாத்திவிட்டு ஆறுதலாக விலை பேசியிருக்கிறார். சைக்கிள் ஒன்றுதான். அவர் ஓடியது அறுபதாயிரத்தை, நான் ஓடியது ஆறு லட்சத்தை. யாருக்கு உபயோகப்பட்டது?

விடுமுறை நாட்களில் தேயிலைத் தோட்டத்து மண் ரோடு, வாய்க்கால் கரை என்று போகிறவர்களுக்கு அந்த விலை பெறும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அகல டயரும் பிரேக்கும் எனக்கும் பெறும். மிச்சத்துக்கு நான் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரமணன் வந்தார்.

"என்னண்ணே இது?"

"வாழைக்குலை."

சைக்கிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சைக்கிளைப் பார்த்தார். "வாழைக்குலையா... நான் இதுல தண்ணிப் போத்தல் மட்டும்தானண்ணே கொண்டு போயிருக்கேன்."

நல்ல மனிதர், கோபப்படவில்லை. ஆனால் அடுத்துப் பார்க்க வருகிறவர் கறையைக் காட்டி விலையைக் குறைப்பார் அல்லவா? அந்த நட்டத்துக்கு இருபத்தையாயிரம் என்று பேசி முடித்தோம். பேசியது அவர், தலையாட்டியது நான். மனைவி உள்ளே போய் சீட்டுக் காசில் இருந்து எடுத்து வந்து கொடுத்தாள். அதற்கான பேச்சு இன்னும் வரவில்லை... காத்திருக்கிறேன்.

மத்தியானம் சிவம் அண்ணை தானே படைத்த சோறு கொண்டுவந்தார். வடை, பாயாசம், அந்தக் குலையில் இருந்து இரண்டு பழம்.

"எங்கை சைக்கிள்?"

"திருப்பிக் குடுத்திட்டேன் அண்ணை."

"நல்ல வேலை. நான் சொன்னனான்தானே."

வடை நன்றாகத்தான் இருந்தது. என் வாழ்நாளில் நான் தின்ற ஆக விலை கூடிய வடை.

புதன்கிழமை நுகேகொடையில் ஒரு சைக்கிள் வாங்கினேன். டயர் அகலம். டிஸ்க் பிரேக். கரியல் உண்டு, ஸ்டாண்ட் உண்டு, மட்காட் உண்டு, பெல்லும் உண்டு. ஒரு கையால் தூக்க முடியாது. விலை, நம்பினால் நம்புங்கள், சரியாக அறுபதாயிரம்.

லிஃப்டில் சிவம் அண்ணை ஏறினார். டயரை அமுக்கினார். பெல்லை இரண்டு தரம் அடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதெல்லோ சைக்கிள். என்ன விலை தம்பி?"

விழுங்க வேண்டிய சைபர் எதுவும் இல்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நாற்பது" என்றேன்.