பிரசன்னா எழுதிய வரி

பெருங்களத்தூர் பிரசன்னா பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் குனிந்து கிடந்தவன். முப்பத்தெட்டு வயதில்தான் மேடவாக்கத்தில் ஆறு பேர் வேலை செய்யும் சின்ன சாப்ட்வேர் கம்பெனிக்குள் நுழைந்தான். டயாலிசிஸ் நோயாளிக்கு எந்த நாள், எந்த மெஷின் என்று ஆஸ்பத்திரிக்குப் பட்டியல் போட்டுத் தரும் புரோகிராம் அவர்களுடையது.

அந்தப் புரோகிராமைச் சோதிக்கும் வேலையை லேப்டாப்பில் கன்டெய்னர் என்று ஒன்றைத் திறந்து அதற்குள்தான் பார்ப்பார்கள். தனி அறை மாதிரி. எந்தப் பட்டியலைத் தொட வேண்டும் என்று அதன் அமைப்புக் கோப்பில் நேராக எழுதமாட்டார்கள். வேரியபிள் என்று ஒரு பெயரை மட்டும் வைப்பார்கள். அந்தப் பெயருக்கு அவரவர் லேப்டாப்பில் சோதனைப் பட்டியலைக் காட்டியிருப்பார்கள். காட்டாமல் விட்டிருந்தால் எதை எடுப்பது என்றும் அதே வரியில் எழுதலாம். போன வருஷம் ஏதோ அவசரத்தில் அங்கே ஆஸ்பத்திரியின் நிஜப் பட்டியலைப் போட்டவன் பிரசன்னா. எடுக்க மறந்துபோனான்.

புதிதாகச் சேர்ந்த ஆஷாவின் லேப்டாப்பில் அந்த வேரியபிளே இல்லை. திங்கட்கிழமை அவள் சோதனையை ஓட்டினாள். சோதனை என்றால் முதலில் பட்டியலைத் துடைக்கும். நிஜப் பட்டியல் போனது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த அப்பாதுரை என்ற பெரியவரைப் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலம் மூச்சு முட்டித் தூக்கி வந்தார்கள். பிழைத்ததே பெரிய விஷயம்.

"நீதானேம்மா ரன் பண்ணே?" என்றார் முதலாளி ஸ்ரீரங்கன்.

"ஆமா சார். ஆனா நான் எந்த ஃபைலையும் மாத்தல."

வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடச் சொன்னார். பிரசன்னா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடி ரிப்பேர் கடைதான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆஷா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கப்பைக் கழுவிப் பையில் வைத்ததைப் பார்த்ததும் பிரசன்னா எழுந்து முதலாளி அறைக்குள் போனான்.

"சார், அந்த வரி நான் எழுதினது."

"உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாக்கிழமையே."

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு நாளா அந்தப் பொண்ணு எதிர்லயே உக்காந்து டீ குடிச்சிருக்கே. அவ இருக்கட்டும். அந்த வரிய சரி பண்ணிட்டு நீ கெளம்பு."

வேரியபிளுக்கு மதிப்பு இல்லையென்றால் கன்டெய்னர் திறக்கவே கூடாது என்று பிரசன்னா மாற்றி எழுதினான். ஆஷா தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றது.

"சரியா இருக்கு," என்றாள். பிறகு, "அண்ணா, அந்தப் பெரியவரைப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

"நான் புதன்கிழமையே போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன்."

பிரசன்னா லேப்டாப்பை மூடினான்.

"கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்லேர்ந்து அவர் வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு சொல்றேன்," என்றாள் ஆஷா. "எழுதிக்கோங்க."

அவன் பேனாவைத் தேடினான்.