டார்கெட் முடித்த கட்சிக்காரர்

விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்துகிற வக்கீலிடம் யாரும் சிரித்த முகமாக வருவதில்லை, வந்து உட்கார்ந்ததும், "எவ்ளோ சார் வரும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் பதில் தெரிந்தவன் போல மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பேன். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்து, வேலூர் கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நின்றவர்களே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கேட்காத கேள்வி

அமுதா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர் அவர். ஷூவின் மேல்பாகத் தோல் துண்டுகளை மெஷினில் வைத்து இணைக்கிற வேலை. காலை ஷிஃப்டுக்குப் போகும்போது அவர் ஏறியிருந்த ஷேர் ஆட்டோவைப் பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. முறிந்த வலது மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை.

நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். வைத்தியச் செலவுக்கு ஒரு தொகை, பட்ட வலிக்கு ஒரு தொகை. பெரியது வருமான இழப்பு. அதற்கு, கை எவ்வளவு கெட்டது, அதனால் பிழைப்பு எவ்வளவு கெட்டது, இரண்டையும் காட்ட வேண்டும். அமுதா கூட வந்திருந்த நசீமாவைப் பார்த்தார். நசீமா அவருக்குப் பக்கத்து மெஷின். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "கேஸ் போட்டா கம்பெனிக்குத் தெரியுமா சார்?"

வெள்ளை கோட்டு

ஊனம் எவ்வளவு என்று சொல்ல ஆஸ்பத்திரியில் மருத்துவக் குழு முன் நிற்க வேண்டும். அங்கே பெரும்பாலான கட்சிக்காரர்கள் இருக்கிற வலியோடு கொஞ்சம் சேர்த்தே முனகுவார்கள். அமுதா தலை சீவி, பூ வைத்து, இஸ்திரி போட்ட புடவையில் வந்திருந்தார். டாக்டர் கையை மடக்கச் சொன்னார். அமுதா பல்லைக் கடித்துக்கொண்டு, மடங்காத இரண்டு விரலையும் மற்ற விரல்களுக்குள் சொருகி, முஷ்டி மாதிரி ஒன்றைக் காட்டினார். இதைத் தூக்க முடியுமா என்று ஸ்டூலைக் காட்டினார் டாக்டர். இவர் தூக்கியும் விட்டார். ஊனம் குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊனத்தைக் காட்டத்தானே வந்தோம் என்று கத்தினேன். கம்பெனியிலும் ஒரு டாக்டர் பார்ப்பார், அவர் முன்னால் கை மடங்காவிட்டால் அன்றோடு வேலை போய்விடும் என்பதை அமுதா அப்புறம்தான் சொன்னார். புடவைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டு நின்றார். "வெள்ளை கோட்டு பார்த்தாலே கை தானா பயந்து வேலை செய்யுது சார், நான் இன்னா பண்ணட்டும்?"

லைன்

லாரியின் இன்ஷூரன்ஸ் தரப்பு சும்மா இருக்குமா? ஷூ கம்பெனியிலிருந்து சம்பள விவரம் வாங்கிவிட்டார்கள். விபத்துக்கு அப்புறமும் அமுதா தினமும் டார்கெட் முடித்திருக்கிறார், சம்பளம் கம்மியாகவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நசீமாவைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லம்மா என்றேன்.

சொன்னார். அப்பரில் நேர்த் தையலை எப்படியோ ஓட்டிவிடலாம். வளைவில் தோலைத் திருப்ப அந்த இரண்டு விரலும் வேண்டும். அதனால் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அமுதாவின் துண்டுகள், வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த லைனில் கை மாறும். ஆளுக்குக் கொஞ்சம் வளைவு போட்டு, அவர் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுவார்கள். டீ நேரம் போய்விடும், முதுகு பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கண்டுபிடித்தால் ஒட்டுமொத்த லைனும் வெளியே. இதைக் கோர்ட்டில் வந்து சொல்வாயா என்று கேட்டேன். நசீமா யோசிக்கவே இல்லை. "அவளுக்குப் பைசா வரும்னா வர்றேன் சார், பேஜார் வந்தா அப்புறம் பார்த்துக்கலாம்."

கூண்டு

விசாரணை நாளில் நசீமா லீவு போட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கடைசி பெஞ்சில் கம்பெனி அதிகாரி ஒருவர். சம்பள ரிஜிஸ்தரோடு சாட்சி சொல்ல எதிர்த்தரப்பு அழைத்திருந்தது. அமுதா கூண்டில் ஏறியபோதே அவரைப் பார்த்துவிட்டார்.

"டார்கெட் முடிகிறதா, இல்லையா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "முடியுதுங்க" என்றார் அமுதா. அதில் பொய் இல்லை. யார் முடிக்கிறார்கள் என்று மறு விசாரணையில் நான் கேட்டிருந்தால் போதும், வழக்கு திரும்பியிருக்கும். எழுந்தேன். அமுதா என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குத் தெரியாதபடி, வேண்டாம் என்று தலையசைத்தார். கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நசீமாவையும் கூப்பிடவில்லை.

வராந்தாவில் நசீமா பொரிந்து தள்ளினார். நான் சொல்லியிருப்பேனே, உனக்கு வர்றதை ஏன் கெடுத்துக்கிட்டே என்று. அமுதா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு வேலை போய்ட்டா எனக்கு யாருடி வளைவு போடுவா?"

தீர்ப்பு

வைத்தியச் செலவு வந்தது, வலிக்கும் ஏதோ வந்தது. வருமான இழப்பு கிடையாது. இரண்டு பேரும் ஷிஃப்ட் முடிந்து நேராக என் ஆபீசுக்கு வந்து, தமிழில் படித்துக் காட்டச் சொன்னார்கள். விபத்துக்குப் பின்னும் மனுதாரர் அதே வேலையை, அதே தரத்தில், அதே அளவில் செய்து வருகிறார் என்று படித்தேன். படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. நசீமா இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதே தரத்துலன்னு ஜட்ஜே எழுதிட்டாரா? அப்போ நாங்க சரியாத்தான் தைச்சிருக்கோம்."

சம்பளம் குறையாதவருக்கு நஷ்டமே இல்லை என்கிறது சட்டம். ஒருத்தியின் நஷ்டத்தை ஒரு லைன் முழுக்க முதுகில் வாங்கிக்கொண்டால் எந்தப் பிரிவில் மனு போடுவது என்று மட்டும், இத்தனை வருஷம் கறுப்பு கோட்டு போட்ட எனக்கு இன்னும் தெரியவில்லை.